உள்ளிருந்து தொடங்கும் பெட்டி

அன்புள்ள வாசகருக்கு,



உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தஞ்சைப் பக்கத்துப் பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது உங்கள் பங்குக்கு வந்தது கூடத்து ஊஞ்சல் பலகை. சங்கிலி வேறொருவர் பங்குக்குப் போய்விட்டது. ஏழு வருடமாகப் பலகை மட்டும் உங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பலகையிலிருந்தே ஒரு நகைப்பெட்டி, உள்ளே அறை அறையாகத் தடுப்பு வைத்து, உங்கள் கையாலேயே செய்து கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்பில் உளி பிடித்த பழக்கம் மட்டும்தான் உண்டு என்கிறீர்கள். எத்தனை அறை வைக்கலாம், எந்த மூட்டு போடலாம், வெல்வெட்டை எப்படி ஒட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கேள்விகள் வேறு வீடுகளிலிருந்தும் வந்துகொண்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியை உள்ளிருந்து தொடங்குங்கள். பலகையை அளக்கும் முன் நகையை அளந்துகொள்ளுங்கள். தடுப்புகளை எக்காரணம் கொண்டும் பசை வைத்து ஒட்டாதீர்கள்.

இந்த இரண்டையும் நான் கற்றது என் முதல் பெட்டியில். தங்கையின் கல்யாணத்துக்காகச் செய்தேன். வெளியளவை முதலில் தீர்மானித்து, பார்க்க லட்சணமாக இருக்கும்படி நான்கு மூலையையும் இழைத்து முடித்து, கடைசியில் உள்ளே சம அளவில் எட்டு அறைகளை ஒட்டினேன். ஆரம் எந்த அறையிலும் படுக்கவில்லை. மடித்து வைத்ததில் கண்ணி இரண்டு இடத்தில் முறுக்கிக்கொண்டது. வளையலைப் போட்டால் மூடி மூடவில்லை. மெத்தென்று இருக்கட்டும் என்று வெல்வெட்டுக்கு அடியில் ரப்பர் விரிப்பு வைத்திருந்தேன். அதன் மேல் கிடந்த வெள்ளிக் கொலுசு ஆடிக்குள் கறுத்துப்போனது. அறைகளை மாற்றியமைக்கலாம் என்றால் எல்லாம் ஒட்டியாகிவிட்டது. தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியில் நூல்கண்டும் பொத்தானும் வைத்துக்கொண்டாள். நீங்கள் அந்த வழியில் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எதற்குத் தடுப்பு?

ஒழுங்காக இருப்பதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். ஒழுங்கு ஒரு பயன்தான். அதைவிடப் பெரிய காரணம் கடினத்தன்மை. 1812-இல் ஃபிரெடெரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் வகுத்த அளவுகோலில் வைரத்துக்கு 10, கெம்புக்கு 9, மரகதத்துக்கு ஏறக்குறைய ஏழரை முதல் எட்டு. பவளம் மூன்றரையை ஒட்டி நிற்கும். முத்து இரண்டரையிலிருந்து நாலரைக்குள். தங்கம் இரண்டரை முதல் மூன்று. கடினமானது மென்மையானதைக் கீறும். இதற்கு விலக்கு கிடையாது. வைரத்தோடும் முத்துமாலையும் ஒரே டப்பாவில் கிடந்தால், ஒவ்வொரு முறை டப்பாவைத் தூக்கும்போதும் தோடு முத்தைக் கீறுகிறது. கண்ணாடி வளையலோடு சேர்ந்து கிடக்கும் தங்க வளையல் சீக்கிரம் மங்குவதும் இதனால்தான். நகைக்கடையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரோஸ் காகிதத்தில் மடித்துத் தருவது அழகுக்காக மட்டுமல்ல. உங்கள் பெட்டியின் தடுப்பு அந்தக் காகிதத்தின் வேலையை மரத்தில் செய்கிறது.

பொருளின் வடிவத்துக்கு ஏற்ப உள்ளே இடம் செதுக்கும் எண்ணம் மிகப் பழையது. எகிப்தில் தீப்ஸ் நகரத்துக் கல்லறை ஒன்றில் 1910-இல் கிடைத்த கெமெனியின் ஒப்பனைப் பெட்டி இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேவதாரு மரத்தில் செய்து கருங்காலியும் தந்தமும் பதித்தது. வயது சுமார் 3,800 ஆண்டுகள். அதன் இழுப்பறையில் தைலக் குப்பிகள் அசையாமல் அமர இடம் செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் அடுக்களையில் மரத்து அஞ்சறைப் பெட்டி இருந்தது. அதைச் செய்தவருக்கு ஒரே ஒரு பரீட்சைதான்: கடுகு சீரகத்தோடு கலக்கக் கூடாது. தடுப்பு அடிப்பலகையோடு ஒட்டி உட்காராவிட்டால் கடுகு காட்டிக்கொடுத்துவிடும். நகைப்பெட்டியிலும் கடுகளவு பொருள் ஒன்று உண்டு. மூக்குத்தியின் திருகாணி. அது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வழி இருந்தால் அந்தப் பெட்டி தேறவில்லை என்று அர்த்தம். இந்தக் கடுகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

நகையை விரித்துப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் வீட்டம்மாவையும் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, பெட்டிக்குள் போகப்போகும் எல்லாவற்றையும் அதன் மேல் வையுங்கள். லாக்கரில் இருப்பதை அளந்து எழுதிக்கொண்டு வந்தால் போதும். பிறகு நகைகளை விலைப்படி பிரிக்காமல், அவை ஓய்வெடுக்கும் விதப்படி பிரியுங்கள். நான் நான்காகப் பிரிப்பேன்: படுப்பவை, நிற்பவை, தொங்குபவை, உருள்பவை.

ஆரம், அட்டிகை, நெத்திச்சுட்டி ஆகியவை படுப்பவை. இவற்றுக்கு ஆழம் வேண்டாம், நீளம் வேண்டும். உங்கள் மகள் பரதம் ஆடியவர் என்று எழுதியிருந்தீர்கள். வடசேரியில் செய்யும் கெம்புக்கல் நகைகள், தலைசாமான், ராக்குடி எல்லாம் இந்த வகைதான். கல் மேலே பார்க்க, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் படுக்க வேண்டும்.

வளையல் நிற்பது. அடுக்கிப் படுக்கவைத்தால் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ளதெல்லாம் உரசும். வரிசையாக நிறுத்தினால் விரல் விட்டு ஒன்றை மட்டும் எடுக்கலாம். அளவு தெரிந்துகொள்வது சுலபம். கடையில் இரண்டு-நாலு, இரண்டு-ஆறு, இரண்டு-எட்டு என்று சொல்கிறோமே, அதில் முதல் எண் அங்குலம், இரண்டாவது எண் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. இரண்டு-நாலு என்றால் இரண்டேகால் அங்குல உள்விட்டம், அதாவது 57 மில்லிமீட்டர். இரண்டு-ஆறு 60 மில்லிமீட்டர். இரண்டு-எட்டு இரண்டரை அங்குலம், 63.5 மில்லிமீட்டர். இதோடு வளையலின் கனத்தை இரு பக்கமும் கூட்டுங்கள். இரண்டு-ஆறு போடும் கைக்கு வளையல் நிற்க இரண்டேமுக்கால் அங்குலம் ஆகும். மூன்று அங்குல ஆழம் வைத்தால் தலை தட்டாது.

ஜிமிக்கி தொங்குவது. அதன் உயரத்தை அளந்து கால் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். மூக்குத்தி, மெட்டி, மோதிரம், திருகாணி எல்லாம் உருள்பவை. இவற்றுக்குச் சின்ன அறை வேண்டும். ஆனால் சின்னது என்றால் எவ்வளவு? இரண்டு விரல் உள்ளே போய்த் திரும்பும் அளவு. ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போனால் பெட்டியைக் கவிழ்த்துத்தான் மோதிரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

இனி ஒரு செய்தித்தாளில் முழு அளவுக்கே கோடு போட்டு, கோட்டுக்குள் நகையை வைத்துப் பாருங்கள். எது பக்கத்தில் எது என்று உங்கள் மகள் தீர்மானிக்கட்டும். தினமும் எடுப்பது முன்னால், வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பது அடியில். அந்தக் காகிதம்தான் பெட்டியின் வரைபடம். வெளியளவு அதிலிருந்து தானாக வரும்.

நீங்கள் எழுதிய நகைகளை வைத்து நான் போட்ட கணக்கு இது. உள் நீளம் 12 அங்குலம், அகலம் 9 அங்குலம். இரண்டு நிலை. கீழே மூன்று அங்குல ஆழத்தில், நீளவாக்கில் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் மூன்றேகால் அங்குலத்தில் வளையல் வரிசை, மறுபக்கம் ஐந்தரை அங்குலத்தில் ஆரமும் அட்டிகையும். அதன் மேல் தூக்கி எடுக்கும் தட்டு ஒன்று. அதில் நீளத்துக்கு இரண்டு தடுப்பு, குறுக்கே மூன்று. மொத்தம் பன்னிரண்டு அறை. ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். ஜிமிக்கிக்கும் மோதிரத்துக்கும் தாராளம்.

பலகை

உங்கள் தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்றரை அங்குலக் கனம் என்கிறீர்கள். நம் ஆசாரிமார் கணக்கில் பன்னிரண்டு நூல்; எட்டு நூல் ஓர் அங்குலம். கனத்தின் நடுவே இரண்டாகப் பிளந்தால் ரம்பத்துக்கு ஒரு நூல் போகும். மிச்சம் பதினொன்றில் ஆளுக்கு ஐந்தரை. இழைத்துச் சமம் பார்த்ததும் நாலு நூல் பலகை இரண்டு நிற்கும். பெட்டியின் சுவருக்கு அரை அங்குலம் மிகச் சரி.

பிளக்கக் கொடுக்கும் முன் பலகை முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். பழைய பலகையில் யாரோ எப்போதோ அடித்த ஆணி மறைந்திருக்கும். அறுப்புப் பட்டறையில் ரம்பம் ஆணியில் பட்டால் பல் போகும், ஆளுக்கும் ஆபத்து. எடுத்துவிட்டுக் கொடுப்பதே மரியாதை. சங்கிலி மாட்டிய நான்கு துளைகளையும் ஒதுக்கி வெட்டலாம். நானாக இருந்தால் ஒரு துளையை மட்டும் அடிப்பலகையில் விட்டு, அதே தேக்கில் ஒரு முளை செய்து அடைப்பேன். பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

மரம் பழையது, உலர்ந்தது, பிளந்த அன்றே வேலை தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். பிளந்ததும் இத்தனை வருடம் உள்ளே இருந்த பக்கம் முதன்முதலாகக் காற்றைப் பார்க்கிறது. பலகை சற்று வளையும். இடையிடையே ஒரே கனத்தில் குச்சி வைத்து அடுக்கி, மேலே கல் ஏற்றி, நிழலில் மூன்று வாரம் விடுங்கள். வளைவதெல்லாம் வளைந்து முடியட்டும். பிறகு இழையுங்கள். இப்போது ஆனி. ஆடியில் பிளந்து ஆவணியில் இழைத்தால் ஐப்பசி அடைமழைக்கு முன் மூட்டு முடிந்துவிடும்.

மழை என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. மரம் ஈரத்தை ஏற்று விரியும், வெயிலில் சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் அல்ல. இழை ஓடும் நீளத்தில் அது மாறுவதே இல்லை என்று சொல்லலாம். மாறுவது அகலம். தேக்கு அடக்கமான மரம். அப்படியும் 9 அங்குல அகலத் தேக்குப் பலகை, மழைக்கும் கோடைக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் வரை கூடிக் குறையலாம். மூடிக்கான மேற்பலகையைச் சுற்றிலும் இறுக ஒட்டினால், அந்த ஒன்றரை மில்லிமீட்டர் ஒரு நாள் மூலையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆகவே மூடிப்பலகையும் அடிப்பலகையும் சுவரில் எடுத்த காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், பசையில்லாமல் உட்கார வேண்டும். அகலவாக்கில் பக்கத்துக்கு அரை நூல் இடம் விடுங்கள்.

இதே இயல்பு தடுப்புக்குச் சாதகம். தடுப்பின் இழை நீளவாக்கில் ஓடினால் அதன் நீளம் எந்தப் பருவத்திலும் மாறாது. சுவரின் இழையும் பெட்டியைச் சுற்றியே ஓடுகிறது. சித்திரையில் பொருந்திய தடுப்பு கார்த்திகையிலும் பொருந்தும். உயரம் மட்டும் மயிரிழை கூடும். அதற்காகத்தான் பின்னால் வரும் கணக்கில் மேலே ஒரு நூல் இடைவெளி விடுகிறோம்.

கூடு

மூட்டு எது என்று கேட்டீர்கள். புறாவால் மூட்டு அழகு, பலம். ஆனால் அது பழகிய கைக்கு. முதல் பெட்டிக்கு மூலையை 45 பாகையில் சாய்த்து ஒட்டுங்கள். நான்கு சுவரையும் ஒரே நீளப் பலகையிலிருந்து அடுத்தடுத்து வெட்டினால் ரேகை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு முறியாமல் ஓடும். சாய்த்து ஒட்டிய மூலை பசையை மட்டும் நம்பி நிற்கும், அது போதாது. பசை காய்ந்ததும் ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் ரம்பத்தால் கீறி, மெல்லிய மரத்துண்டைச் செருகி ஒட்டுங்கள். உங்களிடம் பூவரசு இருந்தால் அதன் அடர்நிறம் தேக்கில் எடுப்பாகத் தெரியும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்துப் பல நாள் கிடந்த முகத்தில் பசை பிடிக்காமல் நழுவும். ஒட்டவேண்டிய முகத்தை அன்றைக்கே புதிதாக இழையுங்கள். அதே மரத்தில் மணற்சத்தும் உண்டு என்பதால் இழைப்புளி சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நிச்சயமான வழி. பெட்டியையும் மூடியையும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். ஆறு பக்கமும் மூடிய ஒரே கூடாக ஒட்டி முடித்துவிட்டு, பிறகு சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரியுங்கள். அப்போதுதான் மூடியும் பெட்டியும் இம்மி பிசகாமல் பொருந்தும். உள் உயரக் கணக்கு இது: அடித்துணிக்கு ஒரு நூல், கீழ்த்தடுப்புக்கு மூன்று அங்குலம், தட்டின் அடிக்கு ஒரு நூல், தட்டின் ஆழம் ஒன்றரை அங்குலம், மேலே இடைவெளி ஒரு நூல், அறுப்பில் போவது ஒரு நூல். கூட்டினால் சரியாக ஐந்து அங்குலம். மூடியின் உள் உயரம் ஒன்றேகால் அங்குலம் இருக்கும்படி அறுங்கள். அப்போது தட்டு பெட்டி விளிம்புக்கு மேல் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். விரல் கொடுத்துத் தூக்க வசதி. தட்டுக்குத் தனியாகக் கால் வேண்டாம். கீழ்த்தடுப்பின் தலையிலும் அதே உயரத்தில் சுவரோரம் வரும் துணி சுற்றிய அட்டைகளின் தலையிலும் அது உட்காரும்.

தடுப்பு

இனி நீங்கள் கேட்ட முக்கியமான பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

கீழ்த்தடுப்புக்கு இரண்டு நூல் கனம், தட்டுத் தடுப்புக்கு ஒரு நூல். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளையே மெலிதாகப் பிளந்து இழைத்துக்கொள்ளலாம். தட்டில் நீளத் தடுப்பும் குறுக்குத் தடுப்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டிலும் பாதிப் பாதி வெட்டு வர வேண்டும். நீளத் தடுப்பில் மேலிருந்து பாதி உயரம், குறுக்குத் தடுப்பில் கீழிருந்து பாதி உயரம். ஒன்றின் வெட்டில் மற்றது இறங்கினால் இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

வெட்டின் இடத்தை ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாகக் குறிக்காதீர்கள். எவ்வளவு கவனமாகக் குறித்தாலும் கோடு தள்ளிப்போகும், சட்டம் கோணும். மூன்று குறுக்குத் தடுப்பையும் சேர்த்து வைத்து, ஓரம் சமம் பார்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே கட்டையாக நினைத்து மூன்றிலும் ஒருசேர அறுங்கள். அளவில் தவறினாலும் மூன்றும் ஒரே மாதிரி தவறும். கட்டம் நேராகவே இருக்கும். அகலத்தை ஸ்கேலால் அளக்கவும் வேண்டாம். உள்ளே இறங்கப்போகும் தடுப்பையே நிறுத்தி இரு பக்கமும் கூர்க்கத்தியால் கீறுங்கள். கீறலுக்கு உட்புறமாக ரம்பம் ஓட்டி, அடியை மெல்லிய உளியால் எடுங்கள்.

பொருத்தம் எப்படி இருக்க வேண்டும்? கட்டைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், கையில் எடுத்துக் கவிழ்த்தால் விழக் கூடாது. கொட்டாப்புளி தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம். வெட்டை அகலப்படுத்தாதீர்கள்; உள்ளே இறங்கும் தடுப்பின் கனத்தை இரண்டு இழைப்பு குறையுங்கள். அகலமாகிப்போன வெட்டைத் திரும்பக் குறைக்க முடியாது. மெருகும் கனம் சேர்க்கும் என்பதால் வெட்டின் உள்முகத்தில் மெருகு வேண்டாம். தடுப்பின் தலை ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள். புடவை முந்தானையும் சங்கிலிக் கண்ணியும் கூர்முனையில் சிக்கும்.

தடுப்பைச் சுவரில் எப்படி நிறுத்துவது? சுவரில் காடி வெட்டலாம். அதைவிட எளிய வழி ஒன்றை எங்கள் தெரு ஆசாரி எனக்குக் காட்டினார். முதலில் அடித்துணியை ஒரே துண்டாகப் பெட்டி முழுக்கப் போடுங்கள். அதன் மேல் தடுப்பை நிறுத்துங்கள். தடுப்பின் முனை நேராக மரச்சுவரைத் தொடட்டும். இப்போது ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே தெரியும் சுவரை மட்டும் அளந்து, அந்த அளவுக்கு அட்டை வெட்டி, துணி சுற்றி அழுத்துங்கள். இரண்டு பக்கத்து அட்டையும் தடுப்பின் முனையைக் கவ்விக்கொள்ளும். காடியும் இல்லை, பசையும் இல்லை. அட்டையை உருவினால் தடுப்பு நகரும். நாளைக்கு அறையைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அந்த அட்டைகளை மாற்றி வெட்டினால் முடிந்தது. அடித்துணி தடுப்புக்குக் கீழே ஓடுவதால் தடுப்பு அந்த வெல்வெட்டில் சற்று அமுங்கி உட்காரும். திருகாணி நுழையும் சந்து அங்கே அடைபடுகிறது.

துணி, மெருகு

பருத்தி வெல்வெட் போதும். கம்பளியும் ரப்பரும் கூடவே கூடாது. இரண்டிலும் கந்தகம் உண்டு. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம்தான். என் தங்கையின் கொலுசுக்கு நேர்ந்தது அதுவே. சாயம் போகும் துணியும் வேண்டாம். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பசையை அட்டையின் முதுகில், மடித்த ஓரத்தில் மட்டும் வையுங்கள். முகத்தில் வைத்தால் ஊறிக் கறையாகும். வெள்ளி நகைகளைப் பருத்திப் பையில் போட்டுத் தனி அறையில் வையுங்கள். முத்துமாலையைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் அடைக்காதீர்கள். முத்துக்கு மென்துணியும் கொஞ்சம் காற்றும் வேண்டும்.

பெட்டியின் உள்ளே எண்ணெய் மெருகு பூசாதீர்கள். மூடிய இடத்தில் ஆளிவிதை எண்ணெயின் வாடை பல மாதம் போகாது. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து மெலிதாக இரண்டு முறை பூசினால் போதும். அரக்கு சீக்கிரம் காயும், வாடை தங்காது. வெளியே உங்கள் விருப்பம். எதைப் பூசினாலும் நகை வைக்கும் முன் ஒரு மாதம் மூடியைத் திறந்தே வைத்திருங்கள். அதற்காகக் கார்த்திகைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

கீல் பித்தளையில் போடுங்கள். பித்தளைத் திருகு மென்மையானது. தேக்கில் நேராக முடுக்கினால் தலை முறியும். முதலில் துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒரு முறை முடுக்கி எடுத்துவிட்டு, அந்தத் தடத்தில் பித்தளையை இறக்குங்கள்.

கடுகுப் பரீட்சை

எல்லாம் முடிந்ததும் அடுக்களையிலிருந்து ஒரு கரண்டி கடுகு கொண்டுவாருங்கள். மூலை அறை ஒன்றில் போடுங்கள். பெட்டியை இடதும் வலதும் முன்னும் பின்னும் மெதுவாகச் சாயுங்கள். பக்கத்து அறையில் ஒரு கடுகு தென்பட்டாலும் அந்தத் தடுப்பை எடுத்து அடிப்பக்கத்தை மறுபடி நேராக இழையுங்கள். கடுகு நகராத பெட்டியில் திருகாணி தொலையாது.

பிறகு இன்னொரு பரீட்சை. எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் கையால், எல்லாத் தடுப்பையும் உருவி வெளியே எடுத்துத் திரும்ப வைக்க உங்கள் மகளால் முடிகிறதா என்று பாருங்கள். இது கடுகைவிட முக்கியம். இன்றைக்கு அவர் நகை இவ்வளவு. ஐந்து வருடத்தில் ஒரு குழந்தையின் அரைஞாண் வரும், காப்பு வரும். பின்னால் சில நகை விற்கப்படலாம், சில மாமியார் கையிலிருந்து வரலாம். தடுப்பு அவர் வாழ்க்கையோடு நகர வேண்டும். ஒட்டிய தடுப்பு நாம் கல்யாணத்தன்று போட்ட கணக்கை நாற்பது வருடத்துக்கு அவர் மேல் சுமத்துகிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்று. அதே ஊஞ்சல் பலகையிலிருந்து ஒரு நூல் கனத்தில் நான்கு பட்டைகளை வெட்டு எதுவும் போடாமல் இழைத்து, துணியில் கட்டி, பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள். தை வருவதற்குள் இரண்டு மூன்று மாலைப் பொழுது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கீறுவதும் அறுப்பதும் உளியால் அடியெடுப்பதும் எப்படி என்று காட்டுங்கள். அடுத்த தடுப்பை அவர் வெட்டட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்